திட்டத்தில் குழந்தை இல்லை

எனக்கு இரண்டாம் கல்யாணம் பண்ணி வைத்தவர் என் மாமனார். முதல் புருஷனைப் பெற்றவர். இதைச் சொன்னால் இன்றைக்கும் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். எழுபதுகளில் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நீங்களே நினைத்துக்கொள்ளலாம்.

அடி அண்ணாமலையில் மலை சுற்றும் பாதையை ஒட்டி அவருக்கு ஒரு டீக்கடை இருந்தது. அப்போதெல்லாம் பௌர்ணமிக்கு இத்தனை கூட்டம் வராது. சாமியார்களும், வேண்டுதல் வைத்த நாலைந்து குடும்பங்களும் சுற்றிக்கொண்டு போவார்கள். மற்ற நாட்களில் வயலுக்குப் போகிறவர்கள்தான் வியாபாரம். காலை பஸ்ஸில் பேப்பர் வந்துவிட்டால் மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படிப்பார். எழுத்துத் தெரியாதவர்கள் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். நில உச்சவரம்புச் சட்டம், பஸ்ஸையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது, மனுஷனை மனுஷன் இழுக்கிற ரிக்‌ஷாவை ஒழித்தது என்று எது வந்தாலும் சொந்த வீட்டு விசேஷம் மாதிரி விளக்குவார். "நாடு மாறுதுய்யா. நாமதான் பின்னாடியே நின்னுக்கினு இருக்கோம்" என்பார். அரசாங்கம் ஒன்றைச் சொன்னால் அது நடக்கும் என்று முழுசாக நம்பிய மனிதர் அவர். அவருக்கு அப்புறம் அப்படி ஒருவரை நான் பார்க்கவில்லை.

அவருடைய ஒரே மகன் லாரி ஓட்டினார். சேலத்து எண்ணெய் மில்லுக்கு மல்லாட்டை லோடு ஏற்றிக்கொண்டு போனபோது செங்கத்தைத் தாண்டி வண்டி கவிழ்ந்தது. எங்கள் பெண் அப்போது பால்கூட மறக்கவில்லை. எனக்கு அப்பா அம்மா கிடையாது. போளூரில் இருந்த அண்ணன் காரியத்துக்கு வந்தான், சாப்பிட்டான், போனான். என்னைக் கூட்டிக்கொண்டு போகிற பேச்சை அவன் எடுக்கவே இல்லை.

பூவும் வளையலும் எடுக்கிற சடங்குக்குப் பெண்கள் கூடியபோது மாமா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணும் எடுக்க வேணாம். எம்மவன் செத்ததுக்கு இந்தப் பொண்ணு இன்னா தப்பு பண்ணுச்சு?"

என் நாத்தனார்தான் அழுதுகொண்டே சண்டை போட்டார். அவர் என் புருஷனுக்கு அக்கா. குழந்தை இல்லை என்று புருஷன் வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டதால் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவர். "எந்தம்பி போயிட்டான், அவன் போனதுக்கு ஒரு அடையாளம்கூட இருக்கக் கூடாதா?" என்று கேட்டார். மாமா மகளைப் பார்த்துச் சொன்னார்: "உன்னை ஒருத்தன் உயிரோட இருந்துக்கினே தொரத்திட்டான். நீ என்னாத்த அழிச்சிக்கினே?" அதற்குப் பிறகு அந்தப் பேச்சு நின்றது.

கொஞ்ச நாள் கழித்து கிராம அதிகாரி வந்து விதவை உதவித்தொகைக்கு எழுதிப் போடச் சொன்னார். மாமா வேண்டாம் என்றுவிட்டார். பேப்பரில் அவர் வேறு ஒன்றைப் படித்திருந்தார். விதவைகள் மறுமணம் செய்துகொண்டால் அரசாங்கம் உதவி செய்யும் என்று புதுத் திட்டம். அதை இரண்டு தரம் படித்தார். மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வேலூருக்கு பஸ் ஏறினார். அப்போது ஜில்லா ஆபீசெல்லாம் அங்கேதான்.

சமூகநலத் துறையிலிருந்து ஒரு அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் வாட்ச் கட்டியிருந்தார். என்னை மட்டும் தனியாக உட்கார வைத்து, "உனக்கு இஷ்டமாம்மா? மாமனார் சொல்றாருன்னு தலையாட்டாத" என்றார். என் முதல் கல்யாணத்தில் இதை யாரும் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுது முடித்துவிட்டு, "குழந்தை?" என்று கேட்டேன்.

அவர் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் படித்துப் பார்த்தார். நல்ல அம்மா, தட்டிக் கழிக்கவில்லை. முழுசாகப் படித்துவிட்டுத்தான் சொன்னார். "குழந்தையைப் பத்தி இதுல ஒண்ணும் சொல்லலையேம்மா. அது உங்க குடும்பத்துக்குள்ள பேசிக்கிறதுதான்."

மாப்பிள்ளையையும் அவரேதான் காட்டினார். பஸ் கண்டக்டர். தனியார் கம்பெனியில் இருந்தவர், பஸ்களை அரசாங்கம் எடுத்தபோது அரசு வேலைக்கு வந்தவர். அவருடைய அம்மா சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவர். வீட்டு விசேஷங்களில் அந்த அம்மா அடுப்படியை விட்டு வெளியே வராததைப் பார்த்தே வளர்ந்தவர். கட்டினால் விதவையைத்தான் கட்டுவேன் என்று இருந்துவிட்டார். என்னைப் பார்க்க வந்தபோது முதலில் குழந்தையைத்தான் தூக்கினார். "இவளும் நம்ம கூடவே இருக்கட்டும். எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

நான் பூரித்துப் போயிருந்தேன். மறுநாள் மத்தியானம், கடையில் யாரும் இல்லாத நேரத்தில் மாமா என்னைக் கூப்பிட்டார். பெஞ்சில் எதிரே உட்காரச் சொன்னார். அவர் முன்னால் நான் அதுவரை உட்கார்ந்ததில்லை.

"மாப்ள குழந்தைய கூட்டினு வான்னாரு போல."

"ஆமாங்க மாமா."

"நல்ல மனுஷன். ஆனா நான் ஒண்ணு கேக்கறேன். நீ மாட்டேன்னா நான் வருத்தப்பட மாட்டேன்." ரொம்ப நேரம் டேபிளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "உனக்கு இன்னும் பொறக்கும்மா. எனக்கு இன்னொரு புள்ள பொறக்க மாட்டான். இவ மூஞ்சியில அவன்தான் இருக்கான். அதப் பாத்துத்தான் நான் காலையில கடைய தெறக்கறேன்."

என்னால் என்ன சொல்ல முடியும்? ஊரையே எதிர்த்து என் பூவைக் காப்பாற்றியவர். வேலூருக்கு அலைந்து எனக்கு ஒரு வாழ்க்கையைத் தேடிக்கொண்டு வந்தவர். அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றைத்தான். நான் குடித்தனம் போகப் போவது செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பின்பக்கத் தெருவில். நடந்தே போய்விடலாம். நினைத்தபோது வந்து பார்க்கலாம் என்று நினைத்தேன். "சரிங்க மாமா" என்றேன். அவர் துணியால் முகத்தை மூடிக்கொண்டார்.

கல்யாணம் டவுனில், ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் மேடை போட்டு நடந்தது. எங்களோடு வேறு சில ஜோடிகளும் இருந்தார்கள். பெரிய அதிகாரிகள் வந்தார்கள், பேசினார்கள். பெண்களைப் பிடித்த இருட்டு விலகுகிறது என்றார் ஒருவர். மாமா முதல் வரிசையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கை தட்டினார். அவர் கை தட்டியதைப் பார்த்து அதுவும் தட்டியது. பிறகு போட்டோ எடுப்பதற்குக் குடும்பத்தோடு மேலே வரச் சொன்னார்கள். மாமா குழந்தையோடு ஏறி வந்தார். அது என்னைப் பார்த்ததும் தாவி, என் கழுத்து மாலையைப் பிடித்துக்கொண்டது.

போட்டோகாரர் கேமராவிலிருந்து முகத்தை எடுத்து, "தாத்தா, குழந்தைய கொஞ்சம் அந்தாண்ட தூக்கினு போங்க. கல்யாணப் போட்டோவாச்சே" என்றார்.

மாமா அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். மாலையிலிருந்து ஒரு கொத்து சாமந்தி அதன் கையோடு போய்விட்டது. அது கத்துகிற சத்தம் மேடைக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. போட்டோவில் நான் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அந்த வருஷம் தீபத்துக்கு அரசாங்கம் போட்ட கண்காட்சியில் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். என் புருஷனுக்குப் பெருமை தாங்கவில்லை, டெப்போவில் இருந்தவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார். மாமாவும் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். அது போட்டோவைக் கையால் காட்டி, "அம்மா, அம்மா" என்றது. "நான் இங்க இருக்கேன்டி" என்று கையை நீட்டினேன். அது என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடியும் போட்டோவையே பார்த்தது.

புருஷன் என்னைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார். அதில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஒரு மகன் பிறந்தான். சீமந்தத்துக்கும் பெயர் வைக்கிறதற்கும் அவருடைய அம்மாதான் முன்னால் நின்று எல்லாம் செய்தார். அந்த அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்ததே என் வீட்டில்தான். இதையெல்லாம் நான் மறக்கவில்லை. அந்தத் திட்டம் வரவில்லையென்றால் நான் எந்த மூலையில் உட்கார்ந்திருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

முதலில் வாரம் தவறாமல் அடி அண்ணாமலைக்குப் போனேன். போகும்போது என் பெண் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாள். திரும்பும்போது பாதையில் புரண்டு அழுவாள். மாமா ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார், "நீ வந்துட்டுப் போனா ரெண்டு நாளைக்கு சாப்பிட மாட்டேங்கறாம்மா. கொஞ்சம் கம்மியா வந்தா அவளுக்கு நல்லதோ இன்னாவோ." நானும் கம்மியாகவே போனேன். கைக்குழந்தை வேறு இருந்தது. அழுகை கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. ஒருநாள் நான் கிளம்பும்போது அவள் அழவே இல்லை, பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். நான்தான் பாதி வழியில் புளியமரத்தடியில் உட்கார்ந்து அழுதேன்.

நாத்தனார்தான் அவளைக் குளிப்பாட்டினார், ஊட்டினார், பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டார். அத்தை என்று கூப்பிட்டவள் எப்போது அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு பொங்கலுக்குப் போனபோது, "அம்மா, டவுனம்மா வந்திருக்காங்க!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். உள்ளேயிருந்து வந்த நாத்தனார் என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர்ச் சொம்பை நீட்டினார்.

எண்பதுகளின் ஆரம்பத்தில் பள்ளிக்கூடங்களில் சத்துணவுத் திட்டம் வந்தது. ஊருக்கு ஊர் சமைக்க, உதவிக்கு என்று பெண்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. அடி அண்ணாமலைப் பள்ளிக்கூடத்தில் எனக்கு அந்த வேலை கிடைத்துவிட்டால் தினமும் மத்தியானம் என் கையால் அவளுக்குச் சோறு போடலாம். வேலையே செய்துகொண்டு நின்றால் யாரும் என்னைக் கம்மியாக வா என்று சொல்ல முடியாது. புருஷனிடம் சொன்னேன். "சம்பளத்துக்கு வேணாம், உன் மனசுக்குப் போ" என்றார்.

ஒன்றிய ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த குமாஸ்தா பொறுமையாகக் கேட்டார். "இது விதவைங்களுக்கும் புருஷன் கைவிட்டவங்களுக்கும்தான் மொதல்ல தரணும்னு ஆர்டரும்மா. உங்களுக்குத்தான் வீட்டுக்காரர் இருக்காரே" என்றார்.

"நான் விதவையா இருந்தவதாங்க."

பக்கத்து மேஜையில் இருந்த வயதானவர் என்னை உற்றுப் பார்த்தார். "தீபக் கண்காட்சியில போட்டோ வெச்சிருந்தாங்களே, அந்தம்மாதானே நீங்க?" என்று முகம் மலர்ந்து கேட்டார். "உங்களுக்கு அரசாங்கமே கல்யாணம் பண்ணி வெச்சுதே, அப்புறம் இன்னா குறை?" நல்ல மனசோடுதான் சொன்னார். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

அந்த வேலை என் நாத்தனாருக்குக் கிடைத்தது.

ஒருநாள் மத்தியானம் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். பிள்ளைகள் புங்கமர நிழலில் வரிசையாகத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனார் வாளியைத் தூக்கிக்கொண்டு சாம்பார் ஊற்றிக்கொண்டு வந்தார். அப்படி நிமிர்ந்து நடந்து அவரை நான் பார்த்ததே இல்லை. பிறந்த வீட்டுக்குப் பாரம் என்று பேசப்பட்டவர், இப்போது மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவர். என் பெண்ணிடம் வந்ததும் ஒரு கரண்டி ஜாஸ்தி ஊற்றினார். அவள் அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். அவள் கன்னத்தில் ஒட்டியிருந்த பருக்கையை நாத்தனார் முந்தானையால் துடைத்துவிட்டார்.

நான் வேலிக்கு இந்தப் பக்கமே நின்றேன். அவரிடம் கோபப்படலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. எனக்கு ஒரு திட்டம் வாழ்வு கொடுத்த மாதிரி அவருக்கு இன்னொரு திட்டம் கொடுத்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் என் பெண் அந்தப் பக்கம் போய்விட்டாள். கொய்யாப்பழத்தை வேலியோரம் மேய்ந்த ஆட்டுக்குப் போட்டுவிட்டு நடந்தேன்.

சில வருஷம் கழித்து மாமா படுக்கையில் விழுந்தார். டவுன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான்தான் தினமும் கஞ்சி கொண்டு போனேன். பேச்சு குழறும். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் உனக்கு நல்லதுதானம்மா பண்ணேன்?" என்று கேட்டார்.

"நல்லதுதான் மாமா பண்ணீங்க. பெத்த அப்பன்கூடப் பண்ண மாட்டான்" என்றேன். அது பொய் இல்லை. அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த வாரமே போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் என் பெண் கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பாவாடை சட்டைக்கு அவள் உயரம் மீறியிருந்தது. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இனிமே என் கூட வந்துடுறியாம்மா? டவுன்ல பெரிய ஸ்கூல்ல சேத்து விடறேன்."

அவள் கழுவுவதை நிறுத்தவில்லை. "நீங்க கூப்பிடுவீங்கன்னு அம்மா சொல்லுச்சு. போறதுன்னா போன்னும் சொல்லுச்சு."

"அப்புறம் என்ன?"

"உங்களுக்கு அவரு இருக்காரு, தம்பி இருக்கான். நானும் வந்துட்டா அம்மாவுக்கு யாரு இருக்காங்க?" ஒரு சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு கணக்கில் சந்தேகம் கேட்பதுபோல, "சின்னதுல ஏன் என்னை கூட்டினு போகல?" என்றாள்.

"தாத்தாவுக்கு யாரும் இல்லைன்னுதான்."

"அதான் நானும் சொல்றேன்" என்றாள்.

எண்பதுகள் முடிகிற சமயம். திருவண்ணாமலையே தனி ஜில்லா ஆகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. நாங்கள் வேங்கிக்காலில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு போயிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்தால் அவள் நிற்கிறாள். தாவணி போட்டுக்கொண்டு, தனியாக. கூப்பிடாமல் என் வீட்டுக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை. கேசரி கிளறினேன், வடை சுட்டேன். தம்பிக்காரன் வெட்கப்பட்டுக்கொண்டு தன் சைக்கிளைக் காட்டினான். சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தானே கழுவி வைத்தாள். அப்புறம்தான் சொன்னாள்.

"எனக்குக் கல்யாணம் கூடி வந்திருக்கு. ஆரணி பக்கம். நல்ல எடம்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கையை எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் தலை குனிந்திருந்தது.

"அவங்க கொஞ்சம் பழைய மாதிரி ஆளுங்க. நீங்க ரெண்டாங் கல்யாணம் பண்ணிக்கினது தெரிஞ்சா ஒத்துக்க மாட்டாங்கன்னு தரகர் பயந்துட்டாரு. அப்பா அம்மா ரெண்டு பேருமே இல்லைன்னு சொல்லிட்டாரு."

"நீங்க யாரும் மறுத்துச் சொல்லலையா?"

"அம்மா பேசாம இருந்துச்சு. நானும் பேசாம இருந்துட்டேன்." அழ ஆரம்பித்தாள். "ஆனா நீங்க வரணும். நீங்க வராம எப்படி? சித்தின்னு சொல்லிக்கலாம்."

அழுகிற பெண்ணிடம் நான் என்ன கேட்பது? கண்ணைத் துடைத்துவிட்டேன். "வரேன்" என்றேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடப் போய் ஏற்றிவிட்டேன்.

என் புருஷன் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். "ஊரைக் கூட்டி, மேடை போட்டு, மைக் வெச்சுப் பண்ண கல்யாணம். நாம இன்னா திருடிட்டா வந்தோம்?" என்று கத்தினார். பிறகு சத்தமில்லாமல் முற்றத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். தோள் குலுங்கியது. அவள் கல்யாணத்தன்றைக்கு லீவு போடாமல் டூட்டிக்குப் போய்விட்டார்.

மாடவீதியில் ஒரு மண்டபம். நான் நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன். அடி அண்ணாமலையிலிருந்து வந்தவர்கள் அத்தனை பேருக்கும் நான் யார் என்று தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மாங்கல்யத் தட்டைப் பெரியவர்களிடம் ஆசீர்வாதத்துக்குக் கொண்டு போக வேண்டிய நேரத்தில், நாத்தனார் தட்டை என் கையில் திணித்தார். "நீ எடுத்துனு போ. நான் வாழாவெட்டி, தொடக் கூடாது" என்று காதோரம் சொன்னார். வளர்த்தவர் தூணோரம் நின்றுவிட்டார். பெற்றவள் சித்தியாகத் தட்டை ஏந்திக்கொண்டு வரிசை வரிசையாகப் போனேன்.

மாப்பிள்ளையின் அம்மா தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நீங்க பொண்ணுக்கு இன்னா ஒறவு?" என்று கேட்டார்.

"சித்திங்க."

"தங்கமான பொண்ணு. பெத்தவ இருந்து பாக்கக் குடுத்து வெக்கல, பாவம்."

"ஆமாங்க" என்றேன்.

சாயங்காலம் வேன் வந்தது. அவள் நாத்தனாரைக் கட்டிக்கொண்டு விட மாட்டேன் என்று அழுதாள். பிரித்து எடுப்பதே பெரும்பாடாக இருந்தது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை நின்றார், அவர் அம்மா நின்றார்.

"போய்ட்டு வரேன் சித்தி" என்றாள்.

குரல் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. நான்தான் பயந்துகொண்டிருந்தேன், அவள் சரியாகவே சொன்னாள்.

"போய்ட்டு வாம்மா" என்றேன்.